திரைக்குப் பின்னால் ஒரு கட்டில்

வீதியில் அவரை டேப்புக்காரர் என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்திரண்டு வருடமாக ஜன்னல் திரை தைக்கிறவர். அளவு டேப் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவார் என்று மனைவி கேலி பேசுவாள். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். எதிர்வீட்டுக்காரர் புது வண்டி வாங்கி வந்து நிறுத்தியபோது, பேச்சோடு பேச்சாக அதையும் அளந்துவிட்டு, உங்கள் வாசலுக்கு இது அரை அடி நீளம் என்று வருத்தப்பட்டவர். நல்ல நாளும் அதுவுமாக அந்த மனிதருக்கு முகமே செத்துப்போயிற்று.

அளவு விஷயத்தில் தன்னை ஒருத்தனும் மடக்க முடியாது என்கிற கர்வம் அவருக்கு. பொய்க் கர்வமில்லை. அத்தனை வருடத்தில் அவர் மாட்டிய திரை ஒன்றுகூடக் கட்டையாகப் போனதில்லை. ஜன்னல் எட்டு அடி என்றால் சீட்டில் ஒன்பது என்று எழுதுவார். மேல் மடிப்புக்கு அரை அடி, கீழ் மடிப்புக்கு அரை அடி. யோசித்துக் கூட்டி எழுதுவதெல்லாம் தொழிலுக்கு வந்த புதிதில். அப்புறம் கண் எட்டைப் பார்க்கும், கை ஒன்பதை எழுதும், நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. அந்தச் சீட்டைப் பார்த்து மனைவி துணியை வெட்டித் தைப்பாள். இவர் அளக்க அவள் வெட்ட, குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

போன வருடம் அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நடந்தது. கைத்தடி வைத்து நடக்கலாம், ஆனால் மாடிப்படி ஏறுவதை இந்த ஜென்மத்தில் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலோ படுக்கையறை மேலே. கீழே ஒரு கூடம், சமையலறை, ஒரு குளியலறை, அவ்வளவுதான். கூடம்தான் கடையும். தையல் மெஷினும் வெட்டுமேசையும் துணிச்சுருள்களும் அங்கேதான். வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அங்கேதான் வந்து உட்காருவார்கள்.

அந்தக் கூடத்தின் மூலையில் அவளுக்குக் கட்டில் போட்டார். சுற்றிலும் ஒரு திரை மாட்டினார். சும்மா சொல்லக் கூடாது, அவர் தைத்ததிலேயே நல்ல திரை அது. கனத்த நீலத் துணி, உள்ளே வெள்ளைத் துணி கொடுத்து, தரையை முத்தமிடுகிற உயரத்துக்கு. உள்ளே ராணி போல இரு என்றார்.

ராணிக்கு அங்கே இருமக்கூட முடியவில்லை. வந்தவர்கள் விலை பேசி, துணி புரட்டி, ஊர்க்கதை பேசி முடிக்கும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள். புடவை மாற்ற வேண்டுமென்றால், ஆட்கள் போய்விட்டார்களா என்று திரைக்குள்ளிருந்து கைத்தடியால் தரையைத் தட்டிக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் மட்டும் தினமும் சாயங்காலம் வந்து கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் யாரைப் பார்த்தாலும் விடைத்தாள் திருத்துகிற பார்வை அந்த டீச்சருக்கு. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இவள் மற்ற நேரத்தைத் தள்ளினாள்.

ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரி, வீடு கட்டிக் குடிபோகிறவள், எந்தத் துணியும் பிடிக்காமல் கண்ணை ஓட்டியவள், மூலையில் தொங்கிய நீலத்தைப் பார்த்துவிட்டாள். இதுதான் எனக்கு வேண்டும், உள்துணி எப்படிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போய்ச் சரக்கென்று இழுத்தாள். உள்ளே இவள் பாதி உடுத்தியும் உடுத்தாமலும். வாடிக்கைக்காரி ஐயோ என்று திரையை விட்டுவிட்டு ஓடிப்போனாள். இவள் அழக்கூட இல்லை. புடவையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான், அன்று முழுக்கத் திரும்பவில்லை.

மறுநாள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எனக்குப் பெருசா எதுவும் வேண்டாங்க. இந்த மூலையைப் பலகை வச்சு அடைச்சு, ஒரு கதவு போட்டுக் குடுங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தா போதும்."

"பலகையா? உன்னைப் பலகைக்குள்ள போட்டு அடைக்கவா? பின்னாடி இடம் சும்மாதானே கெடக்கு. ரூமே கட்டறேன், பாரு" என்றார் அவர்.

இந்த ஆண்களே இப்படித்தான். கேட்டதைக் கொடுத்தால் கொடுத்தது போலவே இருக்காது அவர்களுக்கு.

சமையலறைக்குப் பின்னால் காலியிடம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கணக்கு டீச்சரின் மதில், பின்னால் மருந்துக்கடைக்காரர் வீட்டு மதில். நகராட்சியில் அனுமதி வாங்க வரைபடம் வேண்டும். வரைபடம் போடுகிற ஆள் இடத்தை அளக்க வருகிறேன் என்றான். இவர் சிரித்துவிட்டார். எனக்கே அளக்க வருகிறாயா என்று கேட்டு, தானே போய் அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அகலம் பன்னிரண்டு அடி, நீளம் பதினைந்து அடி. ஒருநாளைக்குப் பத்து வரைபடம் போடுகிற அவனுக்கு ஒரு நடை மிச்சம். சீட்டில் இருந்ததை அப்படியே வரைந்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான்.

விண்ணப்பம் போட்டால் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போகும், ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்பது விதி. டேப்புக்காரர் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. நம்முடைய டீச்சர்தானே, நம்முடைய மருந்துக்கடைதானே என்று இருந்தார். மூன்றாவது வாரம் நகராட்சியிலிருந்து உறை வந்தது. பிரித்தால் இரண்டு ஆட்சேபணைக் கடிதங்களின் நகல்.

டீச்சரின் கடிதம் கோடு போட்ட தாளில், ஓரம் மடித்து, எண் போட்டு இருந்தது. ஒன்று, வரைபடத்தின்படி புதிய அறை என் மதிலைத் தாண்டி ஒரு அடி என் இடத்துக்குள் வருகிறது. இரண்டு, என் சமையலறை ஜன்னலுக்கு வெளிச்சம் போய்விடும். மருந்துக்கடைக்காரர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கியிருந்தார். அவரும் ஒரு அடி என்றுதான் எழுதியிருந்தார்.

டேப்புக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆளுக்கு ஒரு குறை சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். இரண்டு பேரும் ஒன்றுபோல ஒரு அடி என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியென்றால் கூடிப் பேசித்தானே எழுதியிருக்கிறார்கள்! மனைவி கீழே விழுந்து கிடக்கிறாள் என்று தெரிந்தும் எப்படி மனசு வந்தது என்று வீட்டுக்குள்ளேயே நின்று கத்தினார். டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய் மறுபடி அளந்தார். சீட்டில் எழுதினார். பன்னிரண்டு. பதினைந்து. நம்ப மாட்டீர்கள், அன்று மட்டும் நாலு தடவை அளந்தார். நாலு தடவையும் கை அதையேதான் எழுதியது. நாலு சீட்டையும் மதிலுக்கு மேலே தூக்கிக் காட்டி, கண் நல்லாத் தெரியுதா டீச்சர் என்று கேட்டார்.

மறுபக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சர், எனக்குத் தெரிந்ததை எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. கட்டிலோரத்து நாற்காலியில் இவர் துணிச்சுருளை வைத்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது நகராட்சிக்கு நடை. ஐந்தாம் எண் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண்மணி கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு பதிலை ஒரு தரத்துக்கு மேல் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவள்போல. கோப்பு மேலே போயிருக்கிறது என்பாள். மேலே போனால் கீழே வந்துவிட்டது என்பார்கள். ஒருநாள் டோக்கன் எண் நாற்பத்தேழு. நாற்பத்தாறோடு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒருநாள் கையெழுத்துப் போடுகிறவர் பயிற்சிக்குப் போயிருந்தார். என்ன பயிற்சி என்று கேட்டதற்கு, மக்களைக் காக்க வைக்காமல் இருப்பது எப்படி என்று வாட்ச்மேன் சொன்னார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. டேப்புக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் மாதம் கோப்பு திரும்பி வந்தது. 'நில ஆவணப்படி அகலம் பதினொன்று, நீளம் பதினான்கு. அளவு ஒத்துப்போகவில்லை' என்று சிவப்பு மையில் குறிப்பு. மனுஷன் இங்கேயாவது நிதானித்திருக்கலாம். நகராட்சி ஆவணமே தப்பு, யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று மூன்று பக்கத்துக்கு எழுதி, தன் சீட்டு ஒன்றையும் இணைத்து, முப்பத்திரண்டு வருட அனுபவம் என்று அடிக்கோடு போட்டு அனுப்பினார். அது ஐந்து மாதம் ஊறியது.

இதற்கு நடுவில் அவள் இரண்டு தரம் வரைபடத்தைக் கேட்டாள். கதவு எந்தப் பக்கம் வருகிறது, கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை எட்டு என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. உனக்கெதற்கு இந்தத் தலைவலி, நீ ரெஸ்ட் எடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு தரமும் பையில் வைத்து மூடினார். இரண்டாம் தரம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. படுக்கப்போவது நான்தானே என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை. நகராட்சிக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டார். வீட்டில் ஆள் இல்லாத அந்த நேரங்களில் வாடிக்கையாளர்கள் வந்து கதவைத் தட்டினால், அவள் திரைக்குள்ளிருந்தபடியே அவர் இல்லை, சாயங்காலம் வாருங்கள் என்று குரல் கொடுப்பாள். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒருவழியாக எட்டாம் மாதம், நேரில் வந்து அளப்பதாகக் கடிதம் வந்தது. வந்தவர் இள வயசு அதிகாரி. வெயிலில் வியர்த்து, கையில் கோப்பும் உருளை டேப்புமாக. அக்கம்பக்கத்தாரும் இருக்க வேண்டும் என்பதால் டீச்சர் வந்து மதிலோரம் நின்றார். மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு வர முடியாது, டீச்சர் சொன்னால் நான் சொன்ன மாதிரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாருங்கள் கூட்டணியை என்று டேப்புக்காரர் வாய்க்குள் முணுமுணுத்தார். அவர் அன்று வெளுத்த சட்டை போட்டிருந்தார். டீச்சரின் மூக்கு உடைபடுவதைப் பார்க்க எட்டு மாதம் காத்திருந்த மனிதர்.

அதிகாரியின் டேப்பில் ஒரு முனையை டேப்புக்காரர் டீச்சரின் மதிலில் வைத்துப் பிடித்தார். அதிகாரி இழுத்துக்கொண்டு போய் இந்தப் பக்கச் சுவரில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"பதினொண்ணு."

"பன்னிரண்டு. நல்லா இழுத்துப் பிடிங்க தம்பி."

"நீங்களே வந்து பாருங்க சார்."

போய்ப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பதினொன்று என்றுதான் இருந்தது. உங்கள் டேப் சரியில்லை என்று தன் கழுத்து டேப்பை உருவிப் போட்டார். அதுவும் பதினொன்று. பையிலிருந்து சீட்டை எடுத்து, இதோ என் கையால் எழுதியது, நாலு தடவை அளந்தது என்று அதிகாரி முகத்துக்கு நேரே நீட்டினார்.

சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அந்தச் சீட்டைக் குடுங்க."

அதிகாரிதான் வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தாள். அவள் முப்பத்திரண்டு வருடம் பார்த்து வெட்டிய கையெழுத்து அது. ஒரு பார்வைதான்.

"இது துணி அளவுங்க" என்றாள்.

"என்ன சொல்றே?"

"மடிப்பைச் சேர்த்து எழுதியிருக்கீங்க. இடம் பதினொண்ணு. மடிப்புக்கு ஒண்ணு. நீளத்துக்கும் அதேதான்."

டேப்புக்காரர் சீட்டைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. எட்டு மாதம். நாலு சீட்டு. மூன்று பக்கக் கடிதம். முப்பத்திரண்டு வருட அனுபவம், அடிக்கோடு போட்டு. அவருக்கு அழுகையே வந்துவிட்டது, வெயிலில் கண் கூசுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. அவரும் சும்மா விடுகிற ஆள் இல்லை.

"அடி சரியாப் போச்சுன்னா அந்த ஆட்சேபணை முடிஞ்சுது. ஆனா என் ஜன்னல் வெளிச்சப் பிரச்சினை அப்படியேதான் இருக்கு. புது வரைபடம் வந்தாலும் அதை நான் எழுதுவேன். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்மேல வருத்தப்படாதீங்க" என்றார்.

அதிகாரி கோப்பில் எழுதிக்கொண்டே, இதை இனித் திருத்த முடியாது, பழைய விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். எவ்வளவு நாளாகும் என்று டேப்புக்காரர் கேட்டது அவருக்கே கேட்கவில்லை. ஆட்சேபணையும் இருக்கிறதல்லவா, ஏழெட்டு மாதமாவது ஆகும் என்று பதில் வந்தது.

அவள் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், வீட்டுக்குள்ள ஒரு மூலையைப் பலகை வச்சு அடைச்சு, கதவு போடணும். அதுக்கு எங்கே விண்ணப்பம் போடணும்?"

"வீட்டுக்குள்ளயா? அதுக்கெல்லாம் அனுமதி எதுவும் வேண்டாம்மா. தச்சர்கிட்டச் சொன்னாப் போதும்."

அவள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். எட்டு மாதத்துக்கு முன்னாலேயே இதைத்தானே கேட்டேன் என்று அந்தப் பார்வை சொல்லியது. அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

தச்சர் வியாழக்கிழமை வந்தார். அளவு எடுக்க டேப்புக்காரர் எழுந்தபோது, நீங்கள் உட்காருங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் கழுத்திலிருந்து டேப்பைத் தானே உருவிக்கொண்டாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து டீச்சர் என்று கூப்பிட்டாள். டீச்சர் எட்டு மாதத்துக்கப்புறம் அந்த வீட்டு வாசற்படி ஏறி வந்து, கூடத்தின் நடுவில் நின்ற டேப்புக்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, குனிந்து முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அளந்து தச்சரிடம் எண்ணைச் சொன்னார்கள். எவ்வளவு என்று டேப்புக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பலகைச் சுவரும் எழுந்து, கதவும் தொங்கி, தாழ்ப்பாளும் ஏறிவிட்டது. இரண்டரை நாள் வேலை.

நீலத் திரையை டேப்புக்காரர் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தார். எவ்வளவு நல்ல துணி! கதவு பெயின்ட்கூட அடிக்காத பச்சை மரம். அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

புது விண்ணப்பம் போட்டாயிற்று. வரைபடக்காரனை வரவழைத்து அவனையே அளக்கச் சொல்லி, வரைபடத்தை அவளிடம் கொடுத்து, அவள் கண்ணாடி போட்டுப் பார்த்து, கதவை இடம் மாற்றச் சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள். சொன்னது போலவே டீச்சர் வெளிச்சத்துக்கு ஆட்சேபணை எழுதிவிட்டார், எண் போட்டு. அது ஐந்தாம் கவுண்டரில் இருக்கிறது. மேலேயோ கீழேயோ.

கதவு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், டேப்புக்காரர் டீ போட்டு டம்ளரில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். திரையாக இருந்தால் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பார். திரை தொங்கிய அத்தனை மாதமும் அப்படித்தான் போனார். பழக்க தோஷத்தில் தோளைக் கொடுத்தார். கதவு இடித்தது. தள்ளிப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டியின் அறைக்கு வெளியே, என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"டீச்சர் வந்திருக்காங்க, பேசிட்டிருக்கோம். அப்புறம் வாங்க."

கோபம் சுள்ளென்று வந்தது அவருக்கு. பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள், வாய்விட்டு, யாருக்கும் பயப்படாமல். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. அப்புறம் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல்தான் இவ்வளவு காலமும் கிடந்தாளா என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள், கையில் ஒரு டம்ளர்தான் இருக்கிறது. இன்னொன்று எடுத்து வர அவர் சமையலறைக்குப் போனார்.